பட்டு விரல்

எலி கடித்திருக்கிறது என்பது காலை ஆறேகாலுக்குத் தெரிந்தது.

அவள் அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு மகளை எழுப்ப வந்தாள். போர்வையில் துருப்பிடித்த மாதிரிக் கறை. மூக்கில் ரத்தம் வந்திருக்கும் என்று நினைத்து முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். மூக்கு சுத்தமாக இருந்தது. வலது கை போர்வைக்கு வெளியே தரையில் மல்லாந்து கிடந்தது. ஆள்காட்டி விரலின் நுனியில் சதை இல்லை. பென்சில் சீவியது போல வட்டமாக, பொறுமையாக எடுத்திருந்தது. நடுவிரலில் பாதி வேலை நடந்திருந்தது.

"பொடிசு." தோளைப் பிடித்து உலுக்கினாள்.

பொடிசு கண்ணைத் திறந்தாள். ஒன்பது வயது. வயதுக்குப் பாதி உடம்பு. பள்ளிக்கூடத்து வாத்தியாரைத் தவிர வேறு யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"லாரி வந்துருச்சாம்மா?"

"கையப் பாரு."

பார்த்தாள். அடுத்தவர் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "அய்யே, என்னது இது?"

"வலிக்கலையா?"

"இல்லையே." பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று அழ ஆரம்பித்தாள்.

மகளை விட்டுவிட்டு அவள் பின்பக்கம் ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். வெறும் வயிறு. மஞ்சள் தண்ணீர்தான் வந்தது. இறால் உரிக்கும் ஷெட்டிலிருந்து வரும் சாக்கடை அந்தச் சுவரோரம்தான் போகிறது. இறாலின் தலையும், ஓடும், கால்களும் சாம்பல் நிறக் கூழாக நகர்ந்து போகும். அதைத் தின்று கொழுத்த எலிகளைக் கண்டால் அந்த வரிசை வீடுகளின் பூனைகளே வழிவிட்டு ஒதுங்கும். எலி கடிப்பது அங்கே புதிதில்லை. காலைக் கடிக்கும். காதைக் கடிக்கும். ஆள் துள்ளி எழுவான், அது ஓடிவிடும்.

இது ஓடவில்லை. விரல் இழுத்துக்கொள்ளவில்லை. எலி உட்கார்ந்து தின்றிருக்கிறது.

தண்ணீர் கொதித்து வழிந்து அடுப்பு அணைந்தது. கதவை யாரோ தட்டினார்கள்.

"ஆத்தாளும் மகளும் இன்னும் படுக்கையில கிடக்கீங்களா? லாரி வந்து ஐஸ் உருகுது!"

நாத்தனார். அவள் புருஷனின் அக்கா. ஷெட்டில் மேஸ்திரி. இவர்களுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவள், இந்த அறையை வாங்கிக் கொடுத்தவள், அவற்றை வாரம் ஒருமுறையாவது நினைவுபடுத்துகிறவள். உள்ளே வந்து கையைப் பார்த்தாள். பார்த்ததும் முதலில் செய்தது, கதவைச் சாத்தித் தாழ் போட்டது.

"யாராவது பாத்தாங்களா?"

"இல்ல அண்ணி."

"எலிதானா?"

"வேற என்ன?"

"எலி இவ்வளவு தின்னுருக்கு, எந்திரிக்காமத் தூங்கியிருக்காளே. கும்பகர்ணி கூட எந்திரிச்சிருப்பா." நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள். "மரத்துப் போற வியாதி ஒண்ணு இருக்குடி. தெரியும்ல? அதுவா இருந்து வெளிய தெரிஞ்சுது, நம்ம எறால ஒரு பய தொட மாட்டான்."

அவள் நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் உண்மையிலேயே இறாலைப் பற்றித்தான் கவலைப்பட்டுக் கொண்டிருந்தாள்.

*

விரல்கள் மழைக்காலத்தின் ஆரம்பத்திலிருந்தே மரத்துத்தான் இருந்தன. அது எல்லோருக்கும் தெரியும்.

ஷெட்டில் பிள்ளைகள் இருக்கக் கூடாது என்று வாசலில் பலகை இருக்கிறது. பலகைக்குப் பின்னால் பிள்ளைகள் இருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஷெட். லோடு அதிகமாக இருந்தால் பள்ளிக்கூடம் இல்லை. நீளமான தகர மேசையின் இரண்டு பக்கமும் பெண்கள் நிற்பார்கள். தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகைக் கீறி, குடலை உருவி, பேசினில் போடுவார்கள். இறாலின் கொம்பு குத்தும். அதன் தண்ணீர் தோலை அரிக்கும். மதியத்துக்குள் எல்லார் விரலும் பாலில் ஊறிய ரொட்டி மாதிரி வெளுத்துச் சுருங்கிவிடும். சாப்பிடும்போது தன் கையே தன் வாய்க்கு ஆகாது. பல பேர் ஸ்பூன் வைத்திருந்தார்கள்.

அவள் புருஷன் அங்கே ஐஸ் உடைக்கிறவன். ஐஸ்காரன் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். மரத்தூளில் கிடக்கும் ஐஸ் பாளங்களை நீளமான இரும்புக் கொக்கியால் குத்தி இழுத்து வருவான். மழைக்காலம் தொடங்கிய ஒரு நாள் பொடிசு சாக்கின்மேல் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பாளம் சறுக்கி அவள் பக்கம் வந்தது. அவன் கத்தினான். அவள் விழித்துக் கையை நீட்டினாள். அவன் கொக்கியை வீசினான். கொக்கி பாளத்துக்கு எட்டவில்லை. அவள் மணிக்கட்டுக்குள் இறங்கியது. கைப்பழக்கம். இறங்கியதும் இழுத்துவிட்டான்.

ஷெட்டுக்குப் பக்கத்தில், காய்ச்சலுக்கும் காயத்துக்கும் ஊசி போடும் ஊசிக்காரர் இருக்கிறார். என்ன படித்தார் என்று யாரும் கேட்டதில்லை. அவர் கறுப்பு நூலால் தோலைத் தைத்துக் கட்டுப் போட்டார். விரலை ஆட்டு என்று சொல்லவில்லை. தொட்டால் தெரிகிறதா என்று கேட்கவில்லை. ஐஸ்காரன் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தை வைத்து அழுதான். அன்று சாயங்காலமே நாத்தனார் எல்லோருக்கும் சொல்லிவிட்டாள்: "வீட்டுல கண்ணாடி டம்ளர் உடைஞ்சுது. குத்திடுச்சு. யாரு கேட்டாலும் அவ்வளவுதான்."

தையல் பிரித்த பிறகு பொடிசு சொன்னாள், "விரல் தூங்குதும்மா."

"முழிச்சிரும்," என்றாள் அவள்.

கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் விழிக்கவில்லை. அதோடு ஒன்று நடந்தது. மேசையில் எல்லார் விரலும் சுருங்கியபோது பொடிசின் அந்த மூன்று விரல்கள் மட்டும் சுருங்கவில்லை. எவ்வளவு நேரம் தண்ணீரில் கிடந்தாலும் வழவழவென்று, குளித்துப் பவுடர் போட்ட மாதிரி இருந்தன.

"இங்க பாருங்கடி, பட்டு! பட்டு!" என்று பெண்கள் அவள் கையை மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தார்கள்.

"எங்க வீட்டுக்காரன் கன்னம் கூட இப்படி இருந்ததில்லக்கா."

"உங்க வீட்டுக்காரன் கன்னத்த யாரு கேட்டா? இந்தக் கையில மோதிரம் போடப் போறவன நெனச்சுப் பாரு."

"என்ன தேய்க்கிற பொடிசு? எங்களுக்கும் சொல்லு."

பொடிசு பெருமையில் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். கொம்பு குத்தினாலும் அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் உரிப்பதில் மெதுவாகிவிட்டாள். கட்டை விரல் சரியாக வந்து சேரவில்லை. இறால் வழுக்கி விழுந்தது. நாத்தனார் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள்.

ஐஸ் தொட்டியின் அடியில் எப்போதும் கொஞ்சம் இறால் தங்கிவிடும். துழாவி எடுக்க வேண்டும். அந்தத் தண்ணீரில் கையை விட்டால் குளிர் எலும்பு வரை சுடும். பெரிய பெண்களே விட்டு விட்டு எடுப்பார்கள், தொடைக்கு நடுவில் கையை வைத்துக்கொண்டு பல்லைக் கடிப்பார்கள். பொடிசு கையை விட்டால் வைத்தது வைத்தபடி வைத்திருந்தாள்.

"சுண்டு விரல் மட்டும் வலிக்குது அத்தை," என்றாள் முதல் நாள்.

"அத மட்டும் மடக்கி வச்சுக்க."

எதிர்ப்பக்கம் நின்று உரித்துக்கொண்டிருந்த பொடிசின் அம்மா அதைக் கேட்டாள். அடுத்த இறாலை எடுத்தாள். எதுவும் சொல்லத் தோன்றவில்லை. பட்டு என்று எல்லோரும் சொன்னபோது அவளுக்கும் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. தன் கைக்கு வந்த கேடு மகள் கைக்கு வராது என்று நினைத்தாள். வீட்டில் சூடான பாத்திரத்தை இறக்க, "இந்தா, பட்டு விரல்காரி, நீ இறக்கு" என்று கூப்பிட்டிருக்கிறாள். ஒரு தடவை கொப்புளம் வந்தது. எண்ணெய் தடவினாள்.

*

ஊசிக்காரர் எலிக்கடியைக் கழுவினார். கழுவும்போது பொடிசு ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்தாள்.

"பாருங்க, கழுவுறதே அவளுக்குத் தெரியல," என்றாள் அவள்.

"சத்துக் குறைவு. டானிக் எழுதித் தர்றேன்."

"மூணு விரல்ல மட்டுமா சத்துக் குறையும்?"

"தையல் போட்ட எடம் அப்படித்தான் இருக்கும்."

"தையல் மணிக்கட்டுல. மரத்தது விரல்."

அவர் பஞ்சைத் தூக்கி வாளியில் எறிந்தார். வாளி நிறைந்து, அதன்மேல் ஈக்கள் இருந்தன. "நீ டாக்டரா, நான் டாக்டரா?"

ரெண்டு பேரும் இல்லை என்று வாய்வரை வந்தது. அவள் மகளின் மறு கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

மதியம் ஐஸ்காரன் வீட்டுக்கு வந்தான். கட்டுப் போட்ட கையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். மணிக்கட்டில் அந்தத் தழும்பு வந்ததிலிருந்து அவன் மகளின் வலப்பக்கம் உட்காருவதில்லை.

"பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேங்க," என்றாள்.

"அக்காவ ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"எலி உங்க அக்காவக் கேட்டுட்டா கடிச்சுது?"

அவன் சாப்பிட்டான். பிறகு போய்க் கேட்டான். நாத்தனார் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைவிட மோசமானதைச் சொன்னாள். தானும் வருவதாகச் சொன்னாள்.

மறுநாள் நாலு பேரும் ஏறிய பஸ்ஸில் பொடிசை மடியில் உட்கார வைத்துக்கொண்டு நாத்தனார் பாடம் எடுத்தாள்.

"டாக்டர் கேப்பாங்க, கையில என்னன்னு. என்ன சொல்லுவ?"

"கண்ணாடி டம்ளர்."

"எங்க?"

"வீட்டுல."

"கூட யாரு இருந்தா?"

"யாரும் இல்ல. நான் தண்ணி குடிக்கப் போனேன். பச்சைக் கலர் டம்ளர் அத்தை. பூப் போட்டது. கீழ விழுந்துச்சு, நான் அது மேல விழுந்துட்டேன்."

"பச்சைக் கலரா!" நாத்தனார் சிரித்துக்கொண்டு அவள் கன்னத்தைக் கிள்ளினாள். "வக்கீலாப் போயிருவா போல இருக்கே."

அவர்கள் வீட்டில் கண்ணாடி டம்ளரே கிடையாது. அவள் இதைக் கேட்டபடி முன்சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டு வந்தாள். எத்தனையோ கைகள் பிடித்துப் பிடித்து அதில் கறுப்பாக ஒரு பிசுக்கு ஏறியிருந்தது. பக்கத்தில் இருந்தவர் மூக்கை மூடிக்கொண்டு வேறு இடத்துக்குப் போனார். அவர்கள் நான்கு பேரிடமும் அந்த வாடை இருந்தது. சோப்புக்குப் போகாது.

*

பெரிய ஆஸ்பத்திரியில் கை டாக்டர் ஒரு பெண். கட்டையாக வெட்டிய நரைமுடி. மேசையில் டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. எலி கடித்த இடத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். கையைத் திருப்பி மணிக்கட்டுத் தழும்பைப் பார்த்தாள். அதன்மேல் விரலால் மெதுவாகத் தட்டினாள்.

"ஷாக் அடிக்குது!" என்றாள் பொடிசு.

"எங்க?"

"இங்கேருந்து உள்ள."

டாக்டர் ஒரு பிளாஸ்டிக் பேனாவை எடுத்துச் சுண்டு விரலில் படுக்கவைத்து இழுத்தாள். பேனா தோலைப் பிடித்துப் பிடித்து வந்தது. ஆள்காட்டி விரலின் கடியில்லாத பக்கத்தில் இழுத்தாள். கண்ணாடியில் இழுப்பதுபோல வழுக்கிப் போனது.

"வேர்வை இல்ல," என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். "கண்ண மூடிக்கோ. விளையாடலாமா? கையில ஒண்ணு வைப்பேன். என்னன்னு சொல்லணும்."

இடது கையில் சாவியை வைத்தாள்.

"சாவி."

சட்டைப் பட்டனை வைத்தாள்.

"பட்டன். ஈசி!"

வலது கையில், அந்த மூன்று விரல்களுக்கு நடுவில் சாவியை வைத்து அவளே விரல்களை மூடிவிட்டாள்.

பொடிசு காத்திருந்தாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"என்னன்னு சொல்லு."

"நீங்க இன்னும் வைக்கவே இல்லையே."

ஐஸ்காரன் தலை குனிந்துகொண்டான். அவள் சாவியைப் பார்த்தாள். அது மகளின் கைக்குள்ளிருந்து பாதி வெளியே தெரிந்தது.

டாக்டர் இரண்டு உள்ளங்கைகளையும் மேசையில் மல்லாத்தி வைத்துக் கட்டை விரல்களைக் கூரையைப் பார்த்து நீட்டச் சொன்னாள். இடது நிமிர்ந்தது. வலது பக்கவாட்டில் அசைந்து படுத்துக்கொண்டது. இடது கட்டை விரலின் அடியில் சதை மேடாக இருந்தது. வலதில் அந்த இடம் குழிந்து, தோல் எலும்போடு ஒட்டியிருந்தது. நாலு மாதம் தினமும் தலைவாரிச் சோறு போட்ட பிள்ளை. இந்தக் குழியை அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

பிறகு நர்ஸ் ஒரு பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்தாள். கடிபட்ட விரல்களை ரப்பர் உறையால் நுனியில் மட்டும் மூடி, இரண்டு கைகளையும் அதில் வைக்கச் சொன்னார்கள்.

"அரை மணி நேரம் அப்படியே இருக்கணும்," என்றாள் நர்ஸ்.

"நான் இதவிட நேரம் இருப்பேன்," என்றாள் பொடிசு.

நாத்தனார் இருமினாள்.

டாக்டர் வேறு பிள்ளையைப் பார்க்கப் போனாள். அவள் மகளின் பேசினுக்குப் பக்கத்தில் நின்றாள். என்ன வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியும். இந்தப் பரீட்சையை அவள் தகர மேசையில் தினமும் பார்த்திருக்கிறாள். இடது கை சுருங்கும். வலதில் சுண்டு விரல் சுருங்கும், மோதிர விரலில் பாதி சுருங்கும். மற்றதெல்லாம் பட்டாக இருக்கும். அப்படித்தான் ஆனது. தண்ணீருக்கடியில் அந்த மூன்று விரல்களும் வழவழவென்று, வெளிறி, உரித்த இறால் மாதிரி இருந்தன.

டாக்டர் வந்து பார்த்தாள். "தோல் சுருங்குறதுக்கே நரம்பு உயிரோட இருக்கணும். இதுல இல்ல. மணிக்கட்டுல அறுந்திருக்கு. மேல தோலை மட்டும் தச்சிருக்காங்க." மூவரையும் பார்த்தாள். "இவ்வளவு நாளா வீட்டுல இத யாருமே கவனிக்கலையா?"

"எல்லாரும் கவனிச்சாங்க டாக்டர்," என்றாள் பொடிசு. "பட்டு விரல்னு சொன்னாங்க."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். துடைத்தாள். மறுபடி போட்டுக்கொண்டாள்.

"எப்படி அடிபட்டுச்சு?"

"கண்ணாடி டம்ளர்," என்றாள் பொடிசு. "பச்சைக் கலர். பூப் போட்டது."

"வீட்டுல உடைஞ்சுது மேடம்," என்றாள் நாத்தனார். "பிள்ளைங்க ஒரு எடத்துல நிக்குமா? ஓடிட்டே இருக்கும்."

"நீங்க அப்பாவா? கண்ணாடியா?"

ஐஸ்காரன் தலையாட்டினான். எந்தப் பக்கம் ஆட்டினான் என்று சொல்ல முடியாது.

டாக்டர் தழும்பை மறுபடி தடவினாள். "கண்ணாடி கீறினா கோடு மாதிரி இருக்கும். இது ஒரு எடத்துல குத்தி, உள்ள போய், இழுத்துக் கிழிச்ச மாதிரி இருக்கு. நான் துருவிக் கேக்கறது பிள்ளைக்காகத்தான். கண்ணாடின்னா நரம்பு நேரா அறுந்திருக்கும். ரெண்டு முனையையும் எடுத்துச் சேத்துத் தச்சுடலாம். ஏதாவது பிடிச்சு இழுத்திருந்தா, பழைய கயிறு மாதிரி நீளத்துக்கு நைஞ்சிருக்கும். நைஞ்சத வெட்டி எறிஞ்சுட்டு, கால்லேருந்து ஒரு நரம்பு எடுத்து நடுவுல வைக்கணும். காலையும் தயார் பண்ணணும். மயக்கம் கூட நேரம் கொடுக்கணும். தெரியாம உள்ள போக எனக்கு இஷ்டமில்ல. சொல்லுங்க."

பொடிசு பெரியவர்களின் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். பாடத்தில் எதை விட்டுவிட்டோம் என்று யோசிக்கும் முகம்.

"கண்ணாடிதான் மேடம்," என்றாள் நாத்தனார். "சத்தியமா."

"கொக்கி," என்றாள் அவள்.

நாத்தனார் சிரித்தாள். "இவளுக்கு ரெண்டு நாளாத் தூக்கமில்ல மேடம். என்னமோ உளர்றா."

"ஐஸ் இழுக்குற கொக்கி டாக்டர். ஷெட்டுல. குத்தி இழுத்துடுச்சு."

"யார் கையில இருந்துச்சு?"

ஐஸ்காரன் வகுப்பில் பையன் கையைத் தூக்குவதுபோலத் தூக்கினான்.

"எந்தப் பக்கமா இழுத்தீங்க? காட்டுங்க."

அவன் எழுந்தான். எப்படிக் காட்டுவது என்று முதலில் தெரியவில்லை. பிறகு கால்கள் தாமாக அகன்றன. இடுப்பு தாழ்ந்தது. வலது கை வீசி இறங்கி, ஒரு சுழற்றுச் சுழற்றி, பின்னால் இழுத்தது. தேர்ந்த வேலைக்காரனின் அசைவு. அதில் ஒரு குறை சொல்ல முடியாது. முடித்தபின் தன் வெறுங்கையைப் பார்த்தான். நாற்காலியில் உட்காராமல் சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மேல்கையப் பாத்து இழுத்திருக்கீங்க," என்றாள் டாக்டர். அவள் குரலில் எதுவும் இல்லை. "சரி. அதுக்கப்புறம் இந்தக் கைய வச்சு என்ன பண்ணிட்டிருந்தா? விரல் பக்கத்துல பழைய புண்ணு இருக்கே. சூடு, இல்லன்னா ஐஸ்."

"ரெண்டும்தான்," என்றாள் அவள். "சூடு நான் வச்சது. ஐஸ் தொட்டியில கைய விட வச்சோம்."

"எதுக்கு?"

"அவளுக்குத்தான் வலிக்கலையேன்னு."

டாக்டர் ஆறிப்போன டீயை எடுத்தாள். ஆடையைப் பார்த்தாள். குடிக்காமல் தள்ளி வைத்தாள். "வெள்ளிக்கிழமை ஆபரேஷன். இனியும் தள்ளினா கட்டை விரல் சதை மொத்தமாச் செத்துடும், அப்புறம் நரம்பு போட்டும் பிரயோஜனமில்ல. நீங்க வெளிய இருங்க," என்று நாத்தனாரிடம் சொன்னாள். "அம்மா மட்டும் இருக்கட்டும்."

வெளி வராந்தாவில் நாத்தனார் காத்திருந்தாள். அவள் வந்ததும் முழங்கையைப் பிடித்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனாள்.

"வாயிருக்கா உனக்கு? இத்தன வருசம் வாயே இல்லாம இருந்தியேடி!"

"கைய விடுங்க அண்ணி."

"ஷெட்ட மூடினா எத்தன அடுப்பு அணையும் தெரியுமா? பதினஞ்சு பேரு பிள்ளைங்களக் கூட்டிட்டு வர்றாளுக. உன் ஒருத்தி பொண்ணு மட்டும் என்ன மகாராணியா?"

"கைய விடுங்கன்னேன்."

"உன் புருசனப் புடிச்சு உள்ள வச்சா என்ன பண்ணுவ? அவன் வேணும்னா குத்தினான்?"

"கொக்கி அவரு தெரியாமக் குத்தினது. தொட்டியில கைய நீங்க தெரிஞ்சுதான் விடச் சொன்னீங்க."

"நீயும் பாத்துட்டுத்தானேடி நின்ன?"

அவளுக்கு எதிரே நின்ற முகத்தின்மேல் துப்ப வேண்டும் போலிருந்தது. அண்ணி முகத்தின்மேலா, தன் முகத்தின்மேலா என்று நினைத்தபோது எச்சிலை விழுங்கினாள்.

*

காலிலிருந்து நரம்பை எடுத்து வைத்தார்கள். ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த டாக்டர் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கினாள்.

"ரெண்டு விரல் அகலத்துக்கு நைஞ்சிருந்துச்சு. நீங்க சொன்னது நல்லதாப் போச்சு."

"வந்துருமா டாக்டர்?"

"பிள்ளைங்களுக்குப் பெரியவங்களவிட நல்லா வரும். ஆனா மெதுவாத்தான் வரும், முடி வளர்ற மாதிரி. மணிக்கட்டுலேருந்து விரல் நுனி வரைக்கும் அது ஊர்ந்து போகணும். அது வந்து சேர்ற வரைக்கும் இவ கைக்கு இவ கண்ணுதான் காவல். சூட்டுல படாம, குளிர்ல படாம, ராத்திரி உறை போட்டு வச்சுக்கணும். இடையில எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும்பா. ஷாக் அடிக்குதும்பா. அழுவா. அழுதா சந்தோசப்படுங்க."

பொடிசு கட்டிலில் மயக்கம் தெளிந்து கிடந்தாள். வலது கை முழங்கை வரை மாவுக்கட்டு. காலில் சின்னக் கட்டு. வார்டில் பினாயில் வாடையும் மூத்திர வாடையும் கலந்து அடித்தது. பக்கத்துக் கட்டில் பையன் தட்டில் ஆறிய கஞ்சியைக் குழப்பிக்கொண்டிருந்தான். மகளின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவளுக்கு அந்த வாடை பிடித்திருந்தது. ஷெட்டின் வாடை இல்லை என்பதே போதுமானதாக இருந்தது.

அடுத்த நாள் சாயங்காலம் நாத்தனார் வந்தாள். பின்னால் ஐஸ்காரன். நாத்தனார் கையில் ஒரு பை ஆரஞ்சு. சண்டை போட்டவள் மாதிரியே இல்லை. கட்டிலில் உட்கார்ந்து பொடிசின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள்.

"என் செல்லம் இளைச்சுப் போச்சே. அத்தைய ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"ரொம்ப வலிச்சுதா?"

"கால்தான் வலிக்குது. கை இன்னும் வலிக்கல."

"பாவம். எல்லாம் சரியாயிரும்."

ஐஸ்காரன் கட்டிலின் வலது பக்கம் வந்து நின்றான். மாவுக்கட்டைத் தொடலாமா என்று யோசித்து, கட்டிலின் கம்பியைத் தொட்டான்.

நாத்தனார் ஆரஞ்சை உரிக்க ஆரம்பித்தாள். மேலே ஒரு கிள்ளு. பிறகு ஓடு சுற்றிக்கொண்டு வந்தது. சுளையைப் பிரித்து முதுகில் நகத்தால் கீறி வெள்ளை நாரை உருவிக் கீழே போட்டாள். விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. ஷெட்டிலிருந்து நேராக வந்திருக்கிறாள். தலைமாட்டில் இருந்த அவள் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"உன் டாக்டரம்மா எழுதிப் போட்டு, பிள்ளைங்க வேலை பாக்குதான்னு பாக்க ஆபீசருங்க வந்தாங்கடி," என்றாள் நாத்தனார், யாரோ விருந்தாளிகளைப் பற்றிச் சொல்வதுபோல. "ஜீப்புல நாலு பேரு. நாங்க விடுவமா? காலையிலேயே சேதி வந்துருச்சு. பிள்ளைங்க பூராத்தையும் ஐஸ் ரூமுல வச்சுக் கதவச் சாத்திட்டோம். ஒண்ணு கூட மூச்சு விடலையே! நல்ல பிள்ளைங்க. அவங்க சுத்திச் சுத்திப் பாத்தாங்க, எறால் எப்படின்னு கேட்டாங்க, போயிட்டாங்க. கதவத் தொறந்தா அதுக எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு கட்டிப் புடிச்சிட்டு நிக்குதுக, உதடெல்லாம் நாவப்பழம் தின்ன மாதிரி." அவள் சிரித்தாள். பொடிசும் சிரித்தாள். ஐஸ்காரன் சிரிக்கவில்லை. ஆனால் அவன் அங்கே இருந்திருக்கிறான். அந்தக் கதவின் தாழ் அவன் பொறுப்பு.

"நீங்களா சாத்தினீங்க?" என்று அவள் புருஷனைக் கேட்டாள்.

அவன் கம்பியைத் தடவிக்கொண்டிருந்தான். "கொஞ்ச நேரந்தான்," என்றான்.

"அவன என்ன கேக்குற? அவன் இல்லன்னா அன்னிக்கு மானமே போயிருக்கும்." நாத்தனார் சுளையை எடுத்து, பொடிசின் வாய்க்குக் கொண்டுபோனவள், என்ன நினைத்தாளோ, இடது உள்ளங்கையில் வைத்தாள். பொடிசின் விரல்கள் மூடிக்கொண்டன. சுளையைச் சரியாகப் பிடித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"முதலாளி உன் மேல கோவமா இல்லடி. நல்ல மனுசன். அந்தப் பொண்ணு எடத்த வேற யாருக்கும் குடுத்துராதன்னு என்கிட்ட அவரே சொன்னாரு." நாத்தனார் இன்னொரு சுளையை எடுத்தாள். முதுகைக் கீறினாள். நாரை உருவினாள். அதே இடது உள்ளங்கையில் வைத்து, பிடிக்கும் அழகைத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"ஏண்டி, இந்தக் கை நல்லாத்தானே இருக்கு?"